அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துக் கெசல் ஊர்க்காரர்களுக்கு, திருச்சியிலிருந்து

அப்பா நேற்று சாயங்காலம் வாய் திறந்து தண்ணீர் கேட்டார். அதை உங்களுக்குச் சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பத்து நாளை மறுபடி எழுத எனக்கு மனசில்லை.

பனி கொட்டிய ராத்திரியில் விச்சிட்டா விமான நிலையம் வரை காரில் கொண்டுவந்து விட்டவர், பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர், டிக்கெட்டுக்குப் பணம் போட்ட நண்பர்கள், இங்கே ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அண்ணனின் சிநேகிதர்கள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி. நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, ஒரு துணிப்பையைக் கையில் வைத்து "வழியில் சாப்பிடு" என்றார். உள்ளே வறுத்துக் காயவைத்த ஸ்வீபாக். பெரிய பன்னின் தலையில் சின்ன பன்னை உட்கார வைத்துச் சுடுவார்கள், வறுத்துவிட்டால் நாள்கணக்கில் கெடாது.

அது வெறும் ரொட்டி இல்லை என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வடக்கே இருக்கிற அலெக்சாண்டர்வோல் சபையின் கதையை, மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சபை அது,  பாட்டிதான் சொல்லியிருக்கிறார். இன்றைய உக்ரைனில் இருக்கும் மொலோச்னாவிலிருந்து 1874இல் கிட்டத்தட்ட முழுச் சபையும், சுமார் 800 பேர், ஊரைக் காலிசெய்துவிட்டு வந்தது. ஆயுதம் எடுப்பதில்லை என்பது அவர்கள் விசுவாசம், ரஷ்யாவில் கட்டாய ராணுவச் சேவை வந்ததும் அங்கே இருக்க முடியாமல் போயிற்று. ஹாம்பர்க்கில் சிம்ப்ரியா, டியூடோனியா என்று இரண்டு கப்பல்களில் ஏறியபோது அவர்களிடம் இருந்த கட்டுச்சோறு இதே வறுத்த ஸ்வீபாக்தான். கன்சாஸில் முதல் குளிர்காலத்தை ரயில்வே கம்பெனி போட்டுக்கொடுத்த நீளக் கொட்டகைகளில் கழித்தார்கள்.

சபையின் பெயரை விமானத்தில் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்கும் முந்தைய பயணத்தில், பிரஷ்யாவை விட்டு மொலோச்னாவுக்குப் போகிற வழியில், ரஷ்யப் பேரரசர் ஜார் அலெக்சாண்டர் அவர்களைப் பார்த்து நல்லபடியாக இருங்கள் என்று வாழ்த்தினாராம். அவர்களுடைய ஜெர்மன் மொழியில் வோல் என்றால் நலம். 1821இல் அந்த வாழ்த்தையே ஊருக்குப் பெயராக வைத்து, ஐம்பது வருஷம் கழித்துக் கடல் தாண்டியும் அதைத் தூக்கிவந்திருக்கிறார்கள்! போகிறவர்களிடம் சொல்லும் ஒரு நல்ல வார்த்தைக்கு இவ்வளவு ஆயுசு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

நான் வழியில் ஒன்றுதான் சாப்பிட்டேன், மற்றதெல்லாம் அம்மாவுக்குப் போயிற்று. ஐசியு வாசலில் இரண்டு நாளாக ஒரு வாய் இட்லிகூட இறங்காமல் உட்கார்ந்திருந்த அம்மா, இதை ரஸ்க் என்று நினைத்து டீயில் நனைத்துச் சாப்பிட்டார். ஒன்று முடித்து இன்னொன்று கேட்டார். நான் காரிடாரில் திரும்பி நின்று அழுதேன்.

பாட்டி, திரும்பி வந்ததும் எனக்கு அந்த மாவு பிசையக் கற்றுக்கொடுங்கள். இனி நம் தெருவிலிருந்து யார் அவசரமாக ஊருக்குக் கிளம்பினாலும் நான் வெறுங்கையோடு வழியனுப்ப மாட்டேன். உங்கள் துணிப்பையை அம்மா துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். காலிப்பையாகத் திருப்பித் தரக்கூடாதாம், முறுக்குக்கு அரிசி ஊறவைத்திருக்கிறார்.