ஏக்கருக்கு 26 டாலர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நில உரிமை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை, அதனால் சந்தோஷம்தான். ஆனால் மேற்கு ஆஸ்திரேலிய அரசு, பெர்த்தைச் சுற்றியுள்ள பகுதியின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு 130 கோடி டாலரை ‘அள்ளிக் கொடுத்தது’ என்று ஒரு வரி இருந்தது. 14 வருடமாகப் பெர்த்தில் குடியிருக்கிறேன். அந்த ‘அள்ளி’யோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

நடந்தது ஒரு கொடுக்கல் வாங்கல். அதில் ‘வாங்கல்’ பக்கத்தைக் கட்டுரை விட்டுவிட்டது. வடக்கே ஜூரியன் பேயிலிருந்து தென்கிழக்கே ரேவன்ஸ்தார்ப் வரை, பெர்த்தையும் உள்ளடக்கி, ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டர் நூங்கார் நிலம். தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. அவ்வளவு இடத்திலும் தங்களுக்கு மிச்சமிருந்த பூர்விக நில உரிமையை, இங்கே சொல்கிற ‘நேட்டிவ் டைட்டிலை’, அவர்கள் அரசிடம் நிரந்தரமாக விட்டுக்கொடுத்தார்கள். இழப்பீடு கேட்கும் உரிமையும் அதோடு போயிற்று. இதற்கான ஆறு ஒப்பந்தங்களும் 2021 பிப்ரவரி 25ஆம் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 கோடியை 2 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் ஹெக்டேருக்கு 65 டாலர், ஏக்கருக்குச் சுமார் 26 டாலர். பெர்த்தில் இரண்டு பேர் மசாலா தோசையும் காபியும் சாப்பிட்டால் பில் அதைவிடக் கூட வரும். தனியார் பட்டா நிலத்தில் நேட்டிவ் டைட்டில் ஏற்கெனவே அற்றுப்போய்விட்டது, அதையும் சேர்த்து வகுப்பது நியாயமில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, பாதியைக் கழித்துவிடுங்கள். ஏக்கர் 52 டாலர். அப்போதும் ‘அள்ளி’ என்ற சொல் பொருந்துகிறதா?

அந்த 130 கோடியும் ரொக்கமில்லை. வருடத்துக்கு 5 கோடி வீதம் 12 வருடம் ஓர் அறக்கட்டளைக்குப் போகிறது. மீதியில் வீடுகள் உண்டு, ஆறு வட்டார அமைப்புகளை நடத்தும் செலவு உண்டு, நிலத்தின் மதிப்பும் உண்டு. அந்த நிலமும் அதிகபட்சம் 3,20,000 ஹெக்டேர், அதாவது மொத்தத்தில் 1.6 சதவீதம். அதிலும் சொந்தப் பட்டாவாகக் கிடைக்கக்கூடியது 20,000 ஹெக்டேர்தான். சுமார் 30,000 பேர் இருக்கும் சமூகத்தில் தலைக்கு இவ்வளவு என்று யார் கையிலும் பணம் கொடுக்கவில்லை.

அப்படியானால் ஏன் ஒத்துக்கொண்டார்கள்? கட்டுரையில் இல்லாத கதை இதுதான். நூங்கார்கள் முதலில் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். 2006 செப்டம்பரில் நீதிபதி வில்காக்ஸ், பெர்த் பகுதியில் அவர்களுக்கு நேட்டிவ் டைட்டில் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு மாநிலத் தலைநகரைப் பற்றி அப்படியொரு தீர்ப்பு வந்தது அதுவே முதல் தடவை. இனி கடற்கரைக்குப் போக அனுமதி வாங்க வேண்டுமோ என்றெல்லாம் பயம் கிளப்பினார்கள். மாநில அரசும் மத்திய அரசும் மேல்முறையீடு செய்தன. 2008இல் அதே நீதிமன்றத்தின் பல நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 1829இல் ஆங்கிலேயர் குடியேறியதிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் பழைய சட்டத்தையும் வழக்கத்தையும் விடாமல் கடைப்பிடித்ததா என்பதை வில்காக்ஸ் சரியாகப் பரிசீலிக்கவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். 1927 முதல் 1954 வரை பெர்த் நகரின் மையப் பகுதிக்குள் பூர்வகுடியினர் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது. இது அரசாணை. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். துரத்தியதும் அரசு, பிரித்ததும் அரசு. அதன் பிறகு, ‘தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு அறாமல் இருந்தீர்களா, நிரூபியுங்கள்’ என்று கேட்பதும் அதே அரசின் வக்கீல்.

கிழக்கே யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் நூங்கார்களுக்குத் தெரியும். ‘வரலாற்றின் அலை’ உங்கள் உரிமையை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று 1998இல் ஒரு நீதிபதி சொன்னார். அந்த நிலத்தில் ஆடு மேய்க்க வந்த எட்வர்ட் கர் என்ற வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் எழுதியதற்கு, நேரில் வந்து சாட்சி சொன்ன வாரிசுகளின் வாய்மொழியைவிட அதிக மதிப்புக் கொடுத்தார். 2002இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. இதையெல்லாம் பார்த்த பிறகு திரும்பவும் வழக்காடப் போவதா, கிடைப்பதைப் பேசி வாங்குவதா? நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் பேசத்தான் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். இருந்தாலும், துப்பாக்கி ஒருவர் கையில் இருக்கும்போது நடக்கும் பேரத்தைச் சமரசம் என்று சொல்லக் கொஞ்சம் கூசுகிறது.

எல்லா நூங்கார்களும் இதை ஏற்கவுமில்லை. ஆறு ஒப்பந்தங்களும் 2015இல் கூட்டம் கூட்டி வாக்கெடுத்துத்தான் நிறைவேறின என்றாலும், ‘தாய்மண்ணை விற்க நீ யார்’ என்று கேட்டு ஒரு பிரிவினர் வழக்குப் போட்டார்கள். நேட்டிவ் டைட்டில் கோரிய வழக்கில் மனுதாரராகப் பெயர் உள்ள எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. சில மாதத்திலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது! அப்புறம் 2020 கடைசி வரை இழுபறி.

இதை இவ்வளவு நீட்டி எழுத ஒரு சொந்தக் காரணமும் உண்டு. இங்கே நம்மவர் வீட்டு விசேஷங்களில் பேச்சு வீட்டு விலைக்குத் திரும்பினால், ‘நாளைக்கு வந்து நம்ம வீட்டையும் கேட்பாங்களாம்’ என்று ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். பட்டா நிலத்தில் நேட்டிவ் டைட்டில் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1998இலேயே தெளிவாக்கிவிட்டது. பெர்த் பால முருகன் கோயில் இருக்கும் இடத்தின் பெயர் மாண்டோகாலப். இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களின் கடைசியில் வரும் ‘அப்’ நூங்கார் மொழியில் ‘இடம்’ என்று பொருள்படும். நம் பாக்கம், பட்டி மாதிரி. வாரா வாரம் அந்தப் பெயரை ஜிபிஎஸ்ஸில் அடித்துவிட்டுத்தான் முருகனைப் பார்க்கப் போகிறோம். கட்டுரையின் அந்த வரி நம் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேனிங் வேல், பெர்த்

பி.கு.: கட்டுரையோடு போட்டிருந்த படம் உலுரு பாறை. அது நூங்கார் நிலத்தில் இல்லை, நாட்டின் நடுவே அனங்கு மக்களின் நிலத்தில் இருக்கிறது. 1985இல் அதை அவர்களிடம் திருப்பிக் கொடுத்த அரசு, கையோடு 99 வருடக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.