'தனி வாசல்' விளம்பரங்கள் பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையை நான் பின்பக்கத்திலிருந்துதான் வாசிப்பது. முதலில் மரண அறிவித்தல், அதற்குப் பிறகு வாடகை விளம்பரம். சென்ற கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 17 பேஸ்மென்ட், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளம், வாடகைக்கு. "தனி வாசல், பஸ் தரிப்பிடம் அருகில், மரக்கறி உண்பவர்கள் விரும்பத்தக்கது." 11 விளம்பரங்களில் 'தனி வாசல்' இருந்தது. மாநகரசபையிடம் அனுமதி எடுத்த வீடு என்று ஒன்றிலும் இல்லை.

மற்றவர்களைக் குறை சொல்ல முன்பு என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் வீடு வாங்கியது 1997இல். பழைய பங்களோ, ஒரே தள வீடு. பக்கக் கதவைத் திறந்தால் நாலு படி மேலே எங்கள் குசினி, ஏழு படி கீழே பேஸ்மென்ட். இந்தப் பக்கக் கதவைத்தான் நாங்களும் இருபது வருடத்துக்கு மேலாகத் 'தனி வாசல்' என்று விளம்பரத்தில் போட்டோம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அந்த வாசலால்தான். 1999இல் தெரிந்த தம்பி ஒருவர் சனி ஞாயிறுகளில் வந்து இரண்டு அறையும் ஒரு குசினியும் குளியலறையும் அடித்துத் தந்தார். பெர்மிட், அதாவது மாநகரசபையின் கட்டட அனுமதி, என்ற பேச்சே எழவில்லை. வீட்டுக் கடன் (மோட்கேஜ்) கட்ட வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. 1988இல் நான் வந்து இறங்கியதும் ஒரு பேஸ்மென்டுக்குள்தான். யன்னலால் பார்த்தால் ஆட்களின் சப்பாத்து மட்டும் தெரியும். நாங்கள் இருக்கவில்லையா என்ற நினைப்பு.

2022 மாசியில் ஒரு இரவு, கீழே வாடகைக்கு இருந்த பிள்ளை அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டா. படிக்க வந்த பிள்ளை, வயது 20. சட்டி பற்றிவிட்டது. எங்களுக்கு அது தெரிந்தது அலாரத்தால் அல்ல. சூட்டுக் காற்று வரும் துவாரத்தால் கருகல் மணம் மேலே வந்தது. கீழ் அலாரமும் மேல் அலாரமும் இணைக்கப்படவில்லை. குசினி படிக்கட்டுக்குப் பக்கத்தில். அதனால் அவவுக்குப் படியால் வர வழியில்லை. பின்னறை யன்னலைத் திறந்துகொண்டு கத்திக்கொண்டு நின்றா. அந்த யன்னலின் உயரம் 11 அங்குலம். தலை போகும், தோள் போகாது. என் கணவர் ஈரத் துவாயோடு இறங்கிச் சட்டியை மூடினார். சுவர் கறுத்ததோடு போயிற்று. ஆனால் அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அடுத்த கிழமையே ஒழுங்காகச் செய்வோம் என்று வெளிக்கிட்டோம். அப்போதுதான் எனக்கு வெட்கமாகப் போன ஒரு விஷயம் தெரிந்தது. இத்தனை வருடமும் நாங்கள் ஒளித்தது தேவையில்லாத ஒளிப்பு. 1994இல் பொப் றேயின் மாகாண அரசு ஒன்ராறியோவில் வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்தது. அடுத்து வந்த மைக் ஹரிஸ் அரசு அதைத் திருப்பி எடுத்தது. 1995 நவம்பர் 16இல் ஏற்கெனவே இருந்தவை மட்டும் தப்பின. 'பேஸ்மென்ட் என்றால் சட்டவிரோதம்' என்ற பயம் எங்கள் சனத்துக்குப் பிடித்தது அந்த நேரமாகத்தான் இருக்க வேண்டும். ஸ்காபரோ போன்ற நகரங்களை ரொறன்ரோவோடு ஒன்றாக்கிய பிறகு, 2000ஆம் ஆண்டிலேயே ரொறன்ரோ முழுவதும் அது திரும்ப அனுமதிக்கப்பட்டுவிட்டது. பயம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும் என்ற கட்டாயத்தைப் பெரும்பாலான புதிய குடியிருப்புகளுக்கு ரொறன்ரோ மாநகரசபை 2021 மார்கழியில் எடுத்துவிட்டது. 2022 மாசியில் பின்வளவில் சிறு வீடு கட்டலாம் என்றார்கள். அதே வருடம் கார்த்திகையில் மாகாணத்தின் 23ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் உள்ள நகரக் காணியில் மூன்று குடியிருப்புகள் வரை எந்த நகரசபையும் தடுக்க முடியாது. 2023 வைகாசியில் ரொறன்ரோ அதை நாலாக்கியது. 2025 ஆனியில் ஆறு வரை அனுமதித்தபோது ஸ்காபரோவில் 23ஆம் வட்டாரத்தை மட்டும் சேர்த்தார்கள். நான் இருக்கும் பக்கம் அதில் இல்லை. ஏன் ஒரு வீதிக்கு அந்தப் பக்கம் ஆறும் இந்தப் பக்கம் நாலும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதனால் ஒரு புதிய பிழையும் பரவுகிறது. கோயில் மண்டபத்தில் ஒருவர் சொல்கிறார்: "அக்கா, இப்ப மூன்று வீடு போடலாம் என்று சட்டமே வந்துவிட்டது, இனிப் பெர்மிட் தேவையில்லை." அது அப்படி இல்லை. ஒரு காணியில் எத்தனை குடியிருப்பு இருக்கலாம் என்று சொல்வது வலய விதி. மாறியது அதுதான். அந்தக் குடியிருப்பை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்வது ஒன்ராறியோ கட்டட விதி. அதற்குப் பெர்மிட் அன்றும் வேண்டும், இன்றும் வேண்டும்.

எங்கள் வீட்டில் என்ன கேட்டார்கள் என்று சொல்கிறேன். கூரையின் உயரம் 1.95 மீற்றர், அதாவது ஆறடி ஐந்து அங்குலம். தற்செயலாக எங்களுக்கு அது இருந்தது. படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியே போகக் கதவு இல்லையென்றால், ஆள் வெளியேறக்கூடிய யன்னல் வேண்டும். திறப்பு 0.35 சதுர மீற்றர். உயரமோ அகலமோ 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. 380 என்பது 15 அங்குலம். பதினைந்துக்குப் பதினைந்து வெட்டித் தப்பலாம் என்று இவர் கணக்குப் போட்டார். அது 0.15கூட வராது. உயரம் 15 அங்குலமானால் அகலம் மூன்றடிக்குக் கொஞ்சம் கூட வேண்டும். யன்னல் நிலத்துக்குக் கீழே இருந்தால் முன்னால் 22 அங்குலம் வெட்டவெளியாகக் கிண்டி, தண்ணீர் வடியவும் வழி செய்ய வேண்டும். கொங்கிறீற் சுவரை வெட்டிய அன்று வீடு முழுக்கத் தூசி. மாமி முகத்துக்குச் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு இருந்தா.

பிறகு இரண்டு குடியிருப்புக்கும் நடுவே நெருப்பு ஏறாமல் கூரைக்கும் படிக்கட்டுச் சுவருக்கும் ட்ரைவோல் என்கிற ஜிப்சம் பலகை, தானாக மூடிக்கொள்ளும் கதவு, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும் அலாரம். அதோடு நான் கேள்விப்பட்டேயிராத ஒன்று: காற்றுக் குழாய்க்குள் புகை வந்தால் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸை நிறுத்திவிடும் கருவி. கீழே கருவாடு பொரித்தால் மேலே மணக்கிறதே என்று வருடக்கணக்காக முறைப்பட்டிருக்கிறேன். அதே வழியால் புகையும் வரும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தால் எல்லாவற்றையும் உடைக்கச் சொல்வார் என்று பயமுறுத்தினார்கள். உண்மையில் பாதி உடைக்கத்தான் வேண்டியிருந்தது. 1999இல் போட்ட குளியலறைக் குழாய் அவ்வளவும் பிழை. வரைபடம் கீறியதிலிருந்து பெர்மிட்டை மூடியது வரை பத்து மாதம். 31,000 டொலர் முடிந்தது. எங்கள் பேஸ்மென்டின் ஒன்றரை வருட வாடகை. 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ள உறவினர் குடியிருக்கத் தனிக் குடியிருப்பு உண்டாக்கினால் மத்திய அரசு செலவில் ஒரு பகுதியை வரியில் திருப்பித் தருகிறது. மாமி மேலே எங்களோடு இருப்பதால் எங்களுக்கு அது வரவில்லை. உங்களில் யாருக்காவது பொருந்தலாம், கணக்காளரைக் கேளுங்கள்.

பின்வளவில் வீடு கட்ட நினைக்கிறவர்களுக்கும் ஒரு சொல். என் மச்சாள் வரைபடத்துக்குக் காசு கொடுத்த பிறகுதான் பக்கத்து ஒழுங்கையை அளந்தா. வீதியிலிருந்து தீயணைப்புக்காரர் பின்னால் போக ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலப் பாதை வேண்டும். அவவின் ஏசிப் பெட்டி அதற்குள் நிற்கிறது. மூலையில் நிற்கும் மேப்பிள் மரம் 30 சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பு. அதைத் தறிக்கவும் தனி அனுமதி வேண்டும். முதலில் அளவு நாடா, பிறகு காசு.

மாநகரசபையிடமும் எனக்குக் குறை உண்டு. தானாக வந்து திருத்துகிறேன் என்கிறவரையும், முறைப்பாட்டில் பிடிபட்டவரையும் ஒரே கண்ணால் பார்த்தால் யார் முன்வருவார்கள்? இரண்டு வருடம் தண்டம் இல்லாத தவணை கொடுக்கலாம். இந்த விதிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துத் தரலாம்.

ஆனால் அதற்குக் காத்திருக்காமல் நீங்களே ஒன்று செய்யலாம், ஆசிரியர் அவர்களே. வாடகை விளம்பரம் எடுக்கும்போது "அனுமதி பெற்ற குடியிருப்பா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் அந்த ஒரு வரியை இலவசமாகப் போடுங்கள். இல்லை என்றால் ஒன்றும் போட வேண்டாம், விளம்பரத்தை நிறுத்தவும் வேண்டாம். வாசிக்கிறவர்கள் வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார்கள். வீடு பார்க்கப் போகிற பிள்ளைகளும் படுக்கையறை யன்னலைத் திறந்து பார்க்கட்டும். அனுமதி இல்லாத வீட்டில் இருந்தாலும் ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு. கேட்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

எங்கள் பேஸ்மென்ட் வருகிற தை மாதம் காலியாகிறது. விளம்பரம் அனுப்புவேன். 'தனி வாசல்' என்று இம்முறை எழுத மாட்டேன், வாசல் இப்போதும் பொதுதான். 'பெரிய யன்னல்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி