தோலை விலக்கிப் பார்

அம்மாடி,

செத்த ஆட்டுக்குட்டிகளை இன்னும் புதைக்கவில்லை என்று நேற்று ராத்திரி சொன்னாய். நல்லதாயிற்று. இதைப் படித்து முடிக்கிற வரை புதைக்காதே. நாயும் காக்கையும் அண்டாமல் மூடி மட்டும் வை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் விடிவதற்கு முன் உட்கார்ந்து எழுதி அனுப்புகிறேன்.

ஆறு குட்டி. அதுவும் நீ ஆடு வாங்கிய பிறகு முதல் ஈற்று. அழுது முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டாய் என்று குரலிலேயே தெரிந்தது. அழுததில் தப்பில்லை. அதற்கு அப்புறம் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "செத்த குட்டியிலேயே விஷத்தைத் தடவிப் போடப்போகிறேன்ப்பா, மறுபடி வந்தால் அந்த ஓநாய் அதோடு தொலைந்தது" என்றாய். ஓநாய்தான் என்று யார் பார்த்தது? நீ பார்க்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார் என்கிறாய். அவரும் பார்க்கவில்லை.

நீ சொன்னதை மனதில் ஓட்டிப் பார்த்தால் ஆறும் ஒரே மாதிரி சாகவில்லை. மூன்று, பட்டியின் மூலையில் காயமே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டு கடிபட்டிருந்தன. ஒன்றுக்குக் கண்ணும் நாக்கும் இல்லை.

மூலையில் கிடந்த மூன்றையும் எந்தப் பல்லும் தொட்டிருக்காது. செம்மறி மிரண்டால் மொத்தமாக ஒரே பக்கம் பாயும். போக வழியில்லாத மூலையில் பெரிய ஆடுகள் ஏறி மிதித்து, அடியில் மாட்டிய குட்டிகள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பட்டியின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்துக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மறந்தது என் தப்பு.

மீதி மூன்றுக்குத்தான் வேலை இருக்கிறது. கையுறை போட்டுக்கொள். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் வெறும் கையால் தொடாதே. கடித்தது வெறிபிடித்த மிருகமாக இருந்தால் அதன் எச்சில் அந்தக் காயத்தில் இருக்கும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட ஓடு. இதில் மட்டும் உன் பிடிவாதத்தைக் காட்டாதே.

கடிபட்ட இடத்தைச் சுற்றி ரோமத்தை மழித்துவிட்டு, தோலைக் கீறி விலக்கிப் பார். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிச் செவசெவ என்றோ கருத்தோ இருக்கும், சதை நசுங்கியிருக்கும். செத்த பிறகு ஏதோ வந்து கடித்திருந்தால் மேலே எவ்வளவு கோரமாக இருந்தாலும் உள்ளே வெளிறித்தான் இருக்கும். ஓடாத ரத்தம் எப்படிக் கட்டும்?

கண் போன அந்தக் குட்டிக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். குளம்பின் நுனியைப் பார். பிறக்கும்போது அங்கே மெத்தென்று மஞ்சளாக ஒரு மூடி இருக்கும். எழுந்து நடந்த குட்டிக்கு அது தேய்ந்துபோயிருக்கும். நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டு எடுத்துத் தண்ணீரில் போடு. மூச்சு விட்ட குட்டியின் நுரையீரல் இளஞ்சிவப்பாக இருக்கும், மிதக்கும். மூச்சே விடாததுடையது கருத்து, கல் மாதிரி மூழ்கும். வயிற்றில் பால் இருக்கிறதா பார். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு கெட்டியாக இருக்கிறதா, கருஞ்சிவப்பாகக் கூழ்போல ஆகிவிட்டதா என்றும் பார். கூழாகியிருந்தால் அது பசியிலோ குளிரிலோ உள்ளிருந்த கொழுப்பை எல்லாம் எரித்துவிட்டுச் செத்த குட்டி. காக்கை அதற்குப் பிறகு வந்திருக்கும். காக்கை உயிருள்ள குட்டியைத் தொடாது என்று நான் சொல்லவில்லை. எழ முடியாமல் கிடக்கும் ஈரக்குட்டியின் கண்ணையும் தொப்புளையும் அது கொத்தும். அப்படியானால் கண்குழியைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கும். எதுவென்று அந்தக் குட்டியே சொல்லும்.

இவ்வளவும் நான் எப்போது கற்றுக்கொண்டேன் தெரியுமா? நம் நாய் சடையன் செத்த வருடம்.

பாம்பு கடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ நாலாம் வகுப்பு. மூன்று நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாய். சடையனைப் பாம்பு கடிக்கவில்லை. அந்த வாரத்தில் இரண்டு குட்டி கண் இல்லாமல், வயிறு கிழிந்து கிடந்தன. நரிதான் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு குட்டியின் தொடையில் பூச்சிமருந்தைத் தடவி வேலியோரம் போட்டுவிட்டு, சடையனைக் கட்டிப்போட்டேன். விடிகாலையில் பார்த்தால் கயிறு அறுந்து கிடந்தது. வேலியோரம் அவன் வாயில் நுரையோடு துடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு காக்கையும் ஒரு பருந்தும் செத்துக் கிடந்தன. நரியின் ஒரு ரோமம்கூட அங்கே இல்லை.

நாலு நாள் கழித்து மூன்றாவது குட்டி அதே மாதிரி கிடந்தது. வழியில் போன ஒரு கிழட்டு இடையர் நின்று பார்த்தார். ஒன்றும் பேசாமல் கத்தியை வாங்கித் தோலை விலக்கினார். உள்ளே எல்லாம் வெள்ளை. குளம்பு மூடி போட்டபடி இருந்தது. "இது பிறக்கும்போதே செத்ததுய்யா" என்றார். என் ஆடுகள் சினையில் போதிய தீனி இல்லாமல் மெலிந்திருந்தன. செத்தும் சாகாமலும் ஈன்றன. நரி வந்திருந்தாலும் கிடந்ததைத் தின்னத்தான் வந்திருக்கும். நான் கொன்றது என் நாயை.

சரி, இப்போது உன் கடிபட்ட இரண்டுக்கு வருகிறேன். பின்தொடை கிழிந்திருக்கிறது, காது பிய்ந்திருக்கிறது, முகத்தில் கடி, ரோமம் கொத்துக்கொத்தாகச் சிதறிக் கிடக்கிறது, ஆனால் ஒரு வாய் சதைகூடத் தின்னவில்லை என்றாய். வேட்டை பழகிய ஓநாயோ சிறுத்தையோ அப்படி அலையாது. தொண்டையைப் பிடிக்கும், அடங்கும் வரை விடாது. சிறுத்தை பல நேரம் இழுத்துக்கொண்டே போய்விடும். நரி என்றால் சின்னப் பல்தடம், கழுத்திலோ முதுகிலோ. பிறந்து ஓரிரு நாளான குட்டியைத் தூக்கிக்கொண்டும் போகும். கழுகு என்றால் முதுகில் நகம் குத்திய ஓட்டைகள். கண்டபடி துரத்தி, எட்டிய இடத்தில் எல்லாம் கடித்துவிட்டுப் போவது பெரும்பாலும் வீட்டு நாய். வயிறு நிறைந்த நாய்க்கு அது விளையாட்டு. இது எழுதிவைத்த சட்டம் ஒன்றுமில்லை. வேட்டை பழகாத இளம் ஓநாயும் இப்படிக் குதறும், தேர்ந்த நாய் தொண்டையைப் பிடிக்கவும் செய்யும். அதனால்தான் ஒரு காயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் தடம், எச்சம், வேலியில் ஒட்டிய ரோமம் எல்லாவற்றையும் பார் என்கிறேன்.

ஒன்று கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. அன்று ராத்திரி உன் நாய் எங்கே இருந்தது? பக்கத்துப் பண்ணைக்காரரின் இரண்டு நாய்கள் எங்கே இருந்தன?

ஆள் தெரியாமல் பழி போடுவதில் நான் மட்டும் தனியாள் இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் தைலசின் என்று ஒரு மிருகம் இருந்தது. உடம்பில் புலிக்கோடு, கங்காருவைப் போல வயிற்றில் பை. ஆட்டைக் கொல்கிறது என்று சொல்லி 1888 முதல் 1909 வரை அரசாங்கமே தலைக்குப் பணம் கொடுத்தது. 2,184 தலைகளுக்குக் கொடுத்தார்கள். கடைசியாகத் தெரிந்த ஒன்று 1936-இல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. 2011-இல் அதன் மண்டையோட்டைக் கணினியில் வைத்து ஆராய்ந்தவர்கள், அந்தத் தாடை பெரிய இரையோடு போராடத் தாங்காது, சின்ன மிருகங்களைத்தான் பிடித்திருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தத் தீவில் அப்போது ஊர்நாயும் காட்டில் அலைந்த நாயும் நிறைய. அதே ஆஸ்திரேலியாவில் பின்னால் செத்த குட்டிகளை அறுத்துப் பார்த்த கால்நடை ஆய்வாளர்களும் அந்த இடையர் சொன்னதைத்தான் சொன்னார்கள். பெரும்பாலான சாவு பிறந்த முதல் மூன்று நாளில். பிரசவச் சிக்கல், குளிர், பால் கிடைக்காதது, தாய் ஏற்றுக்கொள்ளாதது, இவைதான் முதல் காரணங்கள்.

அதற்காக மிருகங்கள் எல்லாம் நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. வந்தால் கொல்லும். "தின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், வெறியில் கொன்று போட்டிருக்கிறதே" என்று பொருமினாய். அடைத்துவைத்த இடத்தில் அப்படித்தான் நடக்கும். வெளியில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும், வேட்டை அதோடு முடியும். பட்டிக்குள்ளே எதுவும் ஓட முடியாது. கண் முன்னால் அசைய அசைய அதற்குள் இருக்கும் விசை திரும்பத் திரும்ப முடுக்கப்படும். ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர் 1972-இல் இதைப் பற்றி எழுதினார். கும்மிருட்டு ராத்திரிகளில் கடற்காக்கைகள் கூட்டை விட்டுப் பறக்காமல் உட்கார்ந்திருக்க, நரிகள் தின்னும் அளவுக்கு மேல் கொன்று போட்டுவிட்டுப் போயின. நாம் கட்டும் பட்டி, வேலி சரியில்லை என்றால், அந்த இருட்டு மாதிரிதான்.

ஆகவே வேலி. நரியும் நாயும் தோண்டி வரும். கம்பிவலையை அடியில் வெளிப்பக்கமாக ஒரு முழம் மடித்துத் தரையோடு பரப்பி, மேலே கல் வை. தோண்ட வருவது வேலியின் காலடியில்தான் தோண்டும், வலை தடுக்கும், பின்னால் தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம் என்றால் மேலேயும் மூட வேண்டும், இல்லையென்றால் கூரை இல்லாத பட்டி அதற்குச் சோற்றுக் கிண்ணம்.

விளக்கும் உதவும், ஆனால் ஒரே இடத்தில் எரியும் விளக்கு உதவாது. கென்யாவில் ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன், நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி மாடு வளர்க்கும் வீட்டுப் பையன், டார்ச்சோடு ஆள் நடமாடினால் சிங்கம் நெருங்குவதில்லை என்று கவனித்தான். பழைய பேட்டரியையும் டார்ச் பல்புகளையும் வைத்து, யாரோ நடப்பதுபோல மாறி மாறி மின்னும் விளக்குகளைத் தொழுவத்தைச் சுற்றிக் கட்டினான். அப்போது வயது பதினொன்றோ என்னவோ. உனக்குக் கம்பி வேலை தெரியும், செய்து பார். போட்ஸ்வானாவில் மாட்டின் பின்பக்கத்தில் இரண்டு கண் வரைந்து மேய விட்டார்கள். நாலு வருடத்தில் கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கமோ சிறுத்தையோ அடிக்கவில்லை. ஒளிந்து பாயும் மிருகத்துக்கு, பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகுமாம். நாயிடம் இது பலிக்கும் என்று தோன்றவில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த சமாச்சாரம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதைக் கட்டினாலும் அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிடாதே. கயிற்றில் சிவப்புத் துணி கட்டினால் ஓநாய்கூடச் சில வாரம் தயங்கும், அப்புறம் பழகிவிடும்.

காவல் நாய் வாங்கலாமா என்று கேட்டாய். வாங்கு, ஆனால் பெரிய நாயாக வாங்காதே. எட்டு வாரக் குட்டியாக வாங்கி ஆட்டுக்குட்டிகளோடு வளரவிடு. உன் மடியில் வளர்ந்தால் அது உன்னைக் காக்கும், ஆட்டோடு வளர்ந்தால் ஆட்டைக் காக்கும். நமீபியாவில் 1994 முதல் இப்படி வளர்த்த அனடோலிய நாய்களைப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள், சிவிங்கிப்புலியைச் சுடாமல் ஆட்டைக் காப்பாற்ற. முழுசாகப் பொறுப்பு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். நடுவில் விளையாட்டுத்தனமாக ஒரு குட்டியின் காதைக் கடித்து வைக்கும், அப்போது நீ பார்த்துத் திருத்த வேண்டும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. தப்பித்த ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ரோமத்தை விலக்கிப் பார். மேலே ஊசிமுனை அளவு ஓட்டை, உள்ளே சீழ், அப்படித்தான் நாய்க்கடி ஏமாற்றும். கால்நடை மருத்துவரை வரச்சொல். ஓடிக் களைத்த சினை ஆடு நாலைந்து நாள் கழித்துக் கருவைத் தள்ளிவிடலாம், ஒதுக்கி வைத்து கவனி. குட்டியை இழந்த தாய்களின் மடி இந்நேரம் கல்லாகக் கனத்திருக்கும். கொஞ்சம் கறந்து விடு. தாயில்லாத குட்டி ஏதாவது இருந்தால், செத்த குட்டியின் தோலை அதன்மேல் போர்த்திப் பால் குடிக்கவிட்டுப் பார். வாசனையை நம்பிச் சில தாய்கள் சேர்த்துக்கொள்ளும்.

அறுத்துப் பார்த்ததும் படம் எடுத்து அனுப்பு. கண் இல்லாத குட்டியின் குளம்பை மறக்காமல் எடு. சடையன் விஷயம் உன் அம்மாவுக்கும் இதுவரை தெரியாது. அவளும் பாம்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ சொல்லிவிடாதே, நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா