தம்பிக்கு, பரணில் இருந்து இறக்கிய நோட்டுகளைப் பற்றி

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆராய்ச்சியெல்லாம் பேப்பர் வேலைம்மா, நான் பேஷன்ட் பார்க்கத்தான் இந்தத் துறைக்கு வந்தேன், மூன்று வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மனசில்லை" என்றாய். அப்புறம் நைட் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். இரண்டு நாளாக அதே நினைப்புதான். அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை இரண்டையும் சேர்த்துப் படித்தவன் நீ. மூன்று வருஷ ஆய்வு வேலை ஒன்று உன்னைத் தேடி வந்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் நான் சொல்வதை ஒரு தடவை படித்துவிடு.

நான் 1989-இல் மயக்க மருந்து டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது அவசர சிகிச்சை என்று தனியாக ஒரு படிப்பே இந்த நாட்டில் கிடையாது. மெடிக்கல் கவுன்சில் அதைத் தனித் துறையாக ஏற்றுக்கொண்டதே 2009-இல்தான். விபத்தோ பாம்புக்கடியோ பூச்சிமருந்தோ, கேஷுவாலிட்டிக்கு வருகிறவர்களை அன்றைக்கு டியூட்டியில் இருக்கிற பையன் பார்ப்பான், மூச்சு நிற்கிறது என்றால் மயக்க டாக்டரைக் கூப்பிடு என்று என்னைத் தேடி ஆள் வரும். அப்படித்தான் நான் ஐ.சி.யூ. டாக்டர் ஆனேன், யாரும் நியமிக்கவில்லை. வென்டிலேட்டர் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது ஆள் வந்தால் டியூப் போட்டுவிட்டு, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை அவருடைய அண்ணன் கையிலோ மச்சான் கையிலோ கொடுத்து, "நீங்கள் மூச்சு விடும்போதெல்லாம் இதை அழுத்துங்கள்" என்று சொல்லிக் கொடுப்பேன். விடிய விடிய மாறி மாறி அழுத்துவார்கள். காலையில் ரவுண்ட்ஸ் போனால் பை அழுத்திய கை வீங்கியிருக்கும்.

கோபன்ஹேகன் கதை உனக்குத் தெரியும், உன் புத்தகத்தின் முதல் பாடமே அதுதான். 1952-இல் போலியோ வந்தபோது முதல் மூன்று வாரத்தில் மூச்சு உதவி தேவைப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்புறம் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்துக் கையால் பையை அழுத்தலாம் என்றார், சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு அழுத்தினார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் மச்சான்மார்கள்தான் ஞாபகம் வருவார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணி வைத்தார்கள், அதனால்தான் ஐ.சி.யூ. என்று ஒன்று உலகத்துக்கே வந்தது. நாங்கள் பையை அழுத்தினோம், எண்ணவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. இதை உன்னிடம் மட்டுமல்ல, உன் அப்பாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நம் பக்கம் பயிருக்கு மருந்தடிக்கும் காலம் வந்துவிட்டால் பூச்சிமருந்து கேஸ்கள் வந்துகொண்டே இருக்கும், உனக்கே தெரியும், பள்ளிக்கூடம் விட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து நர்ஸ் ரூமில் வீட்டுப்பாடம் எழுதினவன் நீ. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரை, நெஞ்சு முழுக்கச் சளி. அட்ரோபின் போடுவோம், கூடவே பி.ஏ.எம். என்கிற பிராலிடாக்சிம் விஷமுறிவு மருந்தும் போடுவோம். பாடப் புத்தகத்தில் இரண்டும் இருந்தன. அட்ரோபின் மலிவு, எப்போதும் ஸ்டாக் இருக்கும். பி.ஏ.எம். விலை அதிகம், பாதி நாள் ஸ்டாக் இருக்காது, சீட்டு எழுதி வெளியே வாங்கிவரச் சொல்வேன். ஒரு தடவை ஒரு பெண்ணுக்காக அவள் புருஷன் அவளுடைய தாலிக்கொடியையே அடகு வைத்து வாங்கி வந்தார். மஞ்சள் கயிற்றில் தாலியை மட்டும் கோர்த்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், என்னிடம் எடுத்துக் காட்டினார். அவள் பிழைத்தாள். மருந்துதான் காப்பாற்றியது என்று நான் நம்பினேன். அடுத்த வருஷம் அறுப்பு முடிந்து அரை மூட்டை அரிசி கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் இறக்கினார்கள். அந்த நம்பிக்கையில் இன்னும் எத்தனை பேருக்குச் சீட்டு எழுதினேனோ.

2006-இல் மகாராஷ்டிரத்துப் பாராமதி டாக்டர்கள் பி.ஏ.எம்.மை நிறைய அளவில் விடாமல் ஏற்றினால் பலன் உண்டு என்று எழுதினார்கள். நிம்மதியாக இருந்தது. 2009-இல் இலங்கையில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. இரண்டு மாவட்ட ஆஸ்பத்திரிகள், 235 நோயாளிகள், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் சலைன் என்று போடுகிற டாக்டருக்கே தெரியாது. மருந்து போனவர்களில் இறந்தது 121-க்கு 30. போகாதவர்களில் 114-க்கு 18. எண்ணிக்கை சின்னது, மருந்தால் கெடுதல் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நன்மை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரிகள் நம்முடையது மாதிரியே இருந்தவைதான், வயல் நடுவே, அதே விஷம், அதே கூட்டம். அவர்கள் கேட்டார்கள், நான் கேட்கவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது 2012-இல் வங்கதேசத்துச் சிட்டகாங்கில் இருந்து வந்தது. மலிவான அட்ரோபினையே எப்படிப் போடுவது என்று பார்த்தார்கள். ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிற பழைய முறை ஒரு பக்கம், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போய் நெஞ்சு சுத்தமானதும் டிரிப்பில் ஏற்றுகிற முறை இன்னொரு பக்கம். பழைய முறையில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள், புதிய முறையில் 8 சதவீதம். தம்பி, நான் பல வருஷம் பழைய முறையில்தான் போட்டேன். விலை கூடிய மருந்துக்கு நகையை அடகு வைக்க விட்டுவிட்டு, கையில் இருந்த மலிவு மருந்தைச் சரியாகப் போடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். பேஷன்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ராத்திரி பகலாகப் பார்த்தேன், கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தால் மட்டும் இது தெரியாது.

பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை என்று சொல்லவில்லை. 1987-இல் இலங்கையில் சேனநாயக்கவும் கரலியத்தவும் என்ன செய்தார்கள்? பூச்சிமருந்து ஆபத்து தாண்டிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாளுக்குள் சிலர் தலையணையில் இருந்து தலையைத் தூக்க முடியாமல் போய், கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றுவிடுவதைக் கவனித்தார்கள். பத்தே பத்து நோயாளிகள்தான். அதை எழுதியதால்தான் நான் தினமும் காலையில் "தலையைத் தூக்குங்கள் பார்ப்போம்" என்று சொல்லப் பழகினேன், தூக்க முடியாதவர்களை வார்டுக்கு அனுப்பாமல் என்னிடமே வைத்துக்கொண்டேன். கட்டில் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் அது கண்ணில் பட்டது. அதை நோட்டோடு நிறுத்தாமல் ஊருக்குச் சொன்னார்கள்.

நானும் ஒரு காலத்தில் நோட்டு போட்டேன். பெயர், வயது, என்ன மருந்து, எத்தனை ஆம்பூல், எந்த நாள் டியூப். ஐந்து நோட்டுகள். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "கணக்கு எழுத கிளார்க் இருக்கிறார், நீங்கள் நோயாளியைப் பாருங்கள்" என்றார். நானும் விட்டுவிட்டேன். நீ போனில் சொன்னது கிட்டத்தட்ட அதே வார்த்தைதான், அதனால்தான் எனக்குப் பேச்சு வரவில்லை.

உன் துறையிலேயே பார். டெட்ராய்ட்டில் இம்மானுவேல் ரிவர்ஸ் உன்னை மாதிரியே எமர்ஜென்சியும் ஐ.சி.யூ.வும் சேர்த்துப் படித்தவர். செப்சிஸ், அதாவது கிருமித் தொற்று முற்றி உறுப்புகள் கெடுகிற நிலை, வந்தவர்களுக்கு ஐ.சி.யூ. படுக்கை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், எமர்ஜென்சியிலேயே முதல் ஆறு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய முயன்றால் என்ன என்று கேட்டார். 2001-இல் 263 நோயாளிகளில் இறப்பு 46.5 சதவீதத்தில் இருந்து 30.5-க்கு வந்ததாக எழுதினார். 2014, 2015-இல் பெரிய அளவில் மூன்று ஆய்வுகள் நடந்தன, அதில் ஒன்று நீ இருக்கிற இங்கிலாந்தில். அவர் சொன்ன அந்த முறையால் தனியாக லாபம் இல்லை என்று வந்தது. சிலர் இதை ரிவர்ஸின் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்ட பிறகுதான் உலகம் முழுக்க செப்சிஸைச் சீக்கிரம் கண்டுபிடிக்கவும் ஆன்டிபயாட்டிக்கைச் சீக்கிரம் போடவும் பழகியது, வழக்கமான சிகிச்சையே அதனால் மேலே ஏறிவிட்டது. கடுங்காய்ச்சலில் ரத்த ஓட்டம் குறைந்துபோன ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் 2011-இல் நடந்த ஆய்வும் அப்படித்தான், வேகமாகச் சலைன் பாட்டில் ஏற்றினால் நல்லது என்று நாம் எல்லோரும் சத்தியம் செய்திருப்போம், ஏற்றிய குழந்தைகள்தான் கூடுதலாக இறந்தார்கள்.

ஆராய்ச்சி எல்லாம் பெரிய நாட்டுக் காரியம் என்றும் நினைக்காதே. உண்ணிக் காய்ச்சலுக்கு என்ன மருந்து என்று நம் வேலூர் டாக்டர்கள் முன்னின்று 794 பேரை வைத்துக் கேட்டார்கள். நிலைமை முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகப் போடுவது, தனித்தனியாகப் போடுவதைவிட நல்லது என்று 2023-இல் வந்தது. இறப்பு குறையவில்லை, சிக்கல்கள் குறைந்தன. இரண்டுமே எங்கள் மருந்து அலமாரியில் எப்போதும் கிடக்கிற மருந்துகள்.

உனக்குக் கேள்வி இல்லை என்று சொல்லாதே. போன குளிர்காலத்தில் நீ எனக்கு ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னாய். காரிடாரில் ட்ராலியில் பதினான்கு மணி நேரம் படுக்கைக்காகக் காத்திருந்தார், நீ போர்வை மாற்றினாய், தண்ணீர் கொடுத்தாய், உன் ஷிப்ட் முடியும்போதும் அங்கேயே இருந்தார் என்று சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அந்தக் காத்திருப்பு உயிரைக் குடிக்குமா என்று உங்கள் ஊரில் சிலர் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிறவர்களில் 82 பேருக்கு ஒருவர் ஒரு மாதத்துக்குள் கூடுதலாக இறக்கிறார் என்று 2022-இல் எழுதினார்கள். சரி, அது எண்ணியாயிற்று. அந்த ட்ராலியிலேயே என்ன செய்தால் அந்த ஒருவர் பிழைப்பார்? ஐ.சி.யூ. வேலையில் எதை ட்ராலிக்குக் கொண்டுபோக முடியும், எதை முடியாது? இரண்டு பக்கமும் நின்று வேலை பார்த்தவனால்தான் இதைக் கேட்க முடியும். நீ பேப்பர் வேலை என்கிறாய், எனக்கு அது அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிற மாதிரிதான் தெரிகிறது.

முடிவு உன்னுடையது. ராத்திரி டியூட்டியை விட்டுவிட்டு முழுக்க ஆய்வுக்குப் போ என்று நான் சொல்லவே மாட்டேன், போனால் உனக்குக் கேள்வியும் வற்றிவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது வார்டில் நிற்கவிட்டால் ஒத்துக்கொள், அதை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்.

நேற்று அந்த ஐந்து நோட்டுகளையும் பரணில் இருந்து இறக்கி வெயிலில் வைத்தேன். செல்லரித்தது போக மூன்று நன்றாக இருக்கின்றன. தாலிக்கொடிக்காரர் மனைவியின் பக்கத்தைத் தேடி எடுத்தேன், "பி.ஏ.எம்., வெளியில் வாங்கியது" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அட்ரோபின் எவ்வளவு போட்டேன் என்றும் இருக்கிறது, அன்றைக்கு வழக்கத்தைவிட நிறையவே போட்டிருக்கிறேன், ஏன் என்று ஞாபகம் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியில் "முடிவு" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் காலி.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயே, வியாழன் இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா