முதல் ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். குடல்வால் அழற்சியை ரத்தப் பரிசோதனையால் விரைந்து அறியலாம் என்று தங்கள் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் உயரும் ஒரு புரதம்) அளவும் மருத்துவருக்குப் பெரிதும் துணைபுரிகின்றன என்பது சரியே. ஆனால், குடல்வால் அழற்சிதானா என்று கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 1986-இல் வெளியான அல்வரடோ மதிப்பீட்டின் 10 புள்ளிகளில் ரத்தத்துக்கு உரியவை 3 மட்டுமே, எஞ்சிய 7 புள்ளிகள் காய்ச்சல், குமட்டல் போன்ற அறிகுறிகளுக்கும் வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்ப்பதற்கும் உரியவை. தவிர, வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. உயராமலே இருக்கக்கூடும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்லும் என் தங்கை மகனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி கண்ட அன்று மாலை, வெள்ளை அணுக்கள் 8,400 என்று இயல்பான அளவில் இருந்ததைப் பார்த்து வாயுத் தொல்லை (நம் ஊரில் எந்த வயிற்றுவலிக்கும் முதலில் கிடைக்கும் பெயர்) என அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் வலி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கி, எண்ணிக்கை 16,000-ஐத் தாண்டிய பிறகே நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை நடந்தது. எனவே, ஆய்வகச் சீட்டில் வலி தொடங்கிய நேரத்தையும் குறிப்பதையும், ஐயத்துக்குரியவர்களை 12 மணி நேரத்துக்குள் மீண்டும் அழைத்துப் பரிசோதிப்பதையும் குமரி மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டாயமாக்கலாம்.

– வாசகர் ஒருவர், திருவட்டாறு