உன் கிட்டார் எப்படி இருக்கிறது?

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கேட்டால் "எல்லாம் சரிதான் அம்மா" என்று சொல்லிவிட்டு, அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொல்கிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அக்கா படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். இங்கே எல்லோரும் சுகம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. குசினிக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. டிக்கோயா மலையில் மழை விடுவதாக இல்லை.

உன் கிட்டார் எப்படி இருக்கிறது? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். ஹீட்டர் போட்ட வீட்டில் காற்று காய்ந்துபோகும், மேற்பலகை வெடித்துவிடும் என்று போன வருடம் நீதான் சொன்னாய். ஈரப்பதம் 45 வீதத்துக்கும் 55 வீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும் என்றாய். பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைக்கிறாயா? நீ இங்கே விட்டுப்போன பழைய கிட்டாருக்குத் தொல்லை வேறு. பனியும் மழையும் மாறி மாறி வந்து கம்பியெல்லாம் துரு. கம்பி பூட்டும் கட்டை ஒரு பக்கம் கிளம்பியிருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி, துணியில் சுற்றி, அடுப்புக்குக் கிட்டவும் இல்லாமல் எட்டவும் இல்லாமல் வைத்திருக்கிறேன். அக்கா விற்கச் சொன்னாள். நான் விடவில்லை.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் உன் பாட்டு ஒன்று வந்துவிடும். ஈஸ்டருக்குப் பிறகு வரவில்லை. வேலை கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சித்தியின் மகன் உன்னைக் கண்டதாகச் சொன்னான். எங்கே கண்டாய் என்று கேட்டேன், கடையில் என்றான். கோயில் பக்கம் காண்பதில்லையா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவனும் பேச்சை மாற்றிவிட்டான்.

பஞ்சை மறக்காதே.

உன்னைப் போல் கீர்த்தனையைக் கிட்டாரில் வாசிக்கிற பிள்ளை இந்தப் பக்கத்தில் இன்னும் இல்லை. பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அம்மாயி பாடிய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளுக்கு மற்றப் பிள்ளைகள் கோர்ட் என்கிற சுரக்கூட்டுப் போட்டபோது ராகம் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் இழுத்தது. நீதான் ஆறாவது கம்பியையும் முதல் இரண்டு கம்பிகளையும் இறக்கிச் சுருதி கூட்டினாய். அப்படிச் சேர்த்தால் மேஜர் என்றும் இல்லை, மைனர் என்றும் இல்லை, ராகம் அதன் வழியில் போகும் என்று எனக்கு விளக்கினாய். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் அம்மாயி கண்ணை மூடிக்கொண்டு உன்னோடு சேர்ந்து பாடினாரே, அது விளங்கியது. இத்தனையும் படித்தவன் எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்? எங்களிடமிருந்து எதைக் கொண்டுபோனாய் என்று யாராவது கேட்டால் நீ எதைக் காட்டுவாய்?

கோபத்தில் எழுதவில்லை தம்பி. நீ அத்தனை நேரம் விரலுக்குப் பயிற்சி செய்வது பெருமை, ஊழியம் அல்ல என்று ஒருவர் அன்று உன் முகத்துக்கு நேரே சொன்னார். அது உன் மனதில் கிடக்கிறதோ என்று எனக்கு எப்போதும் சந்தேகம். 33ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். வாத்தியங்களை நேர்த்தியாய் வாசியுங்கள் என்றுதான் இருக்கிறது, ஏனோதானோ என்று வாசிக்கச் சொல்லவில்லை. உன் விரல் நுனி உரிந்து இரத்தம் வந்த நாட்களில் கிட்டார்க்காரர் பில் கீகியைப் பற்றிச் சொன்னாயே, நாலு வயதில் தண்ணீர்ப் பம்பில் வலது கையின் நடுவிரல் போனவர். மிஞ்சிய விரல்களை வைத்துக்கொண்டு அவர் அந்த வாசிப்பு வாசிப்பது பெருமைக்கா? 1991இல் ஒரு வார்த்தைகூடப் பாடாமல் கிட்டாரை மட்டும் வாசித்து ஒரு முழு இசைத்தொகுப்பு வெளியிட்டார் என்று நீ போட்டுக் காட்டினாய். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தூங்கவைக்க நான் அதைத்தான் போட்டேன். அவர் யாருக்காக வாசித்தார் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தவர் அமெரிக்கப் பாட்டுக்காரர் ரிச் மல்லின்ஸ்தான். பாட்டால் வந்த பணத்தையெல்லாம் சபைப் பெரியவர்களின் கையில் விட்டுவிட்டு, நாட்டில் ஒரு சாதாரணத் தொழிலாளி வாங்கும் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர். மிச்சம் எவ்வளவு என்று தனக்குச் சொல்லவும் வேண்டாம் என்றாராம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான், எனக்கு அதன் அருமை தெரியும். பேரும் புகழும் இருந்தபோதே அந்த நாட்டுப் பழங்குடிகளான நவாஹோ மக்களின் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கப் போய் அங்கேயே குடியிருந்தார். 1997இல் வாகன விபத்தில் போனார், 41 வயதுதான். உனக்கு அந்த வயது வர இன்னும் காலம் இருக்கிறது. இரவில் கார் ஓட்டும்போது பட்டி போடு. பனியில் வேகமாக ஓட்டாதே.

நம் வீட்டுக்கு வேதம் வந்ததே பாட்டாகத்தான். தோட்டத்துத் தமிழருக்கு வேதம் சொல்ல வந்த தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கியது. உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்துபோய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் வேலைக்கும் போக மிஞ்சிய நேரத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்று பாடினார்கள். எழுத்து தெரியாத சனம். முதலில் பாட்டு வந்தது, புத்தகம் பிறகு வந்தது என்று அம்மாயி சொல்லுவார். இங்கே பக்கத்தில் வார்லியில் 1878இல் கட்டிய கல் கோயிலை வெள்ளைக்காரர் பார்க்க வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். வாசலில் பாடியவர்களுக்குக் கல்லும் இல்லை, படமும் இல்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், மனதில் இல்லாததை நீ வாயால் பாட வேண்டும் என்று அம்மா கேட்கவில்லை. ஆமோஸ் புத்தகத்தில், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கர்த்தரே சொல்கிறார். ஒப்புக்குப் பாடுவது அவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். உனக்கு இப்போது வார்த்தை வரவில்லை என்றால் வராமல் இருக்கட்டும். சவுலுக்கு முன்னால் தாவீது சுரமண்டலம் வாசித்தான் அல்லவா, முதலாம் சாமுவேல் 16ஆம் அதிகாரம். அவன் பாடினான் என்று அதில் இல்லை. கையினால் வாசித்தான், சவுல் ஆறுதலடைந்தான், அவ்வளவுதான். உன் கைக்கு அது போதும். கிட்டாரை மாத்திரம் பூட்டி வைக்காதே. பூட்டி வைத்தால் அங்கே வெடிக்கும், இங்கே துருப்பிடிக்கும்.

அக்காவின் சின்னவளுக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். கோயிலில் இப்போது கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கி, எல்லாப் பாட்டுக்கும் ஒரே தாளம் போடுகிறார்கள். நீ அம்மாயியின் கீர்த்தனை ஒன்றை அந்த இறக்கிய சுருதியில் வாசித்து அனுப்பு. பாட வேண்டாம். எந்தக் கீர்த்தனை என்று நீயே எடுத்துக்கொள். யாருக்கும் விளக்கம் எழுத வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். சபை ஐயரிடம் பேசிவிட்டேன், பிள்ளையைக் கையில் வாங்கும்போது போடலாம் என்றார். ஒலிபெருக்கி மாமா கொண்டுவருவார்.

என் போனில் இடமில்லை, அக்காவின் போனுக்கு அனுப்பு. புதுக் கம்பி வாங்கக் காசு இல்லாவிட்டால் சொல், வெட்கப்படாதே.

அன்புடன்,
அம்மா