கப்பல் பயணம் விற்கும் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருச்சி, மதுரை, சென்னை என்று ஊர் ஊராக சிங்கப்பூர் கப்பல் பயணம் விற்கும் சுற்றுலா முகவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்கள் இப்போது எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துவிட்டன. மூன்று இரவு, நான்கு பகல், சிங்கப்பூரில் ஏறி மலேசியா பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூர், சாப்பாடு உட்பட. நல்ல பயணம்தான், மறுக்கவில்லை. முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக இதைவிடச் சௌகரியம் வேறு இல்லை. பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும், ஊர் தானே நம்மிடம் வரும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டுப் போட்டு, பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக இதை வாங்கித் தரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால், இந்தப் பயணத்தில் எதெல்லாம் தவறிப்போகலாம், தவறினால் பணம் யாருடையது போகும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். கப்பல் நிறுவனத்தின் நிபந்தனைகள் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதன் சாரம் உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆனால் நஷ்டம் முழுக்க அவர் தலையில்தான் விழுகிறது.

முதலில், கப்பல் கிளம்பும் அன்றைக்கே காலையில் சிங்கப்பூரில் இறங்கும் விமானம். இதை நீங்கள் விரும்பி விற்பதன் காரணம் புரிகிறது. சிங்கப்பூரில் ஓட்டல் வாடகை அதிகம். ஒரு இரவு மிச்சமானால் பேக்கேஜ் விலை குறைகிறது, பக்கத்துக் கடைக்காரரைவிட ஆயிரங்களில் குறைத்துக் காட்ட முடிகிறது. ஆனால் விமானம் தாமதம் என்றால் கப்பல் காத்திருக்காது. கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். பயணிகள் பட்டியலைக் குடிநுழைவுத் துறைக்கு முடித்துக் கொடுக்க வேண்டும், அப்புறம் யாருக்காகவும் கதவு திறக்காது.

என் தங்கை குடும்பத்துக்கு நடந்தது இது. மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இரவு விமானம், விடிகாலையில் இறங்குவதாகத் திட்டம். விமானம் இங்கேயே பல மணி நேரம் தாமதம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, பெட்டிகளுக்குக் காத்திருந்து, டாக்ஸி பிடித்துக் கப்பல் டெர்மினலுக்கு ஓடியபோது கவுன்டர் மூடியாகிவிட்டது. கப்பல் அங்கேயே கண்ணெதிரில் நிற்கிறது, ஆனால் ஏற முடியாது. வராத பயணிகள் என்று பதிவாகிவிட்டதால் கட்டணத்தில் ஒரு பைசா திரும்பவில்லை. தங்கை ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள். "ஃப்ளைட் லேட்டானா நாங்க என்னம்மா பண்றது?" என்றார். விமானம் தாமதமாவது அவர் கையில் இல்லை, உண்மை. அந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தது அவர். ஒரு நாள் முன்னதாகப் போனால் இந்த ஆபத்து பெருமளவு போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஓட்டல் வாடகையைச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்கள்.

இதில் பருவமழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு வருவது டிசம்பரில். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதை ஒட்டித்தான். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கி, மறுநாள் காலை வரை விமானங்கள் ஓடவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காக மதியத்திலிருந்து மறுநாள் அதிகாலை வரை மூடிவைத்தார்கள். அடுத்தடுத்த இரண்டு வருடங்கள், ஏறக்குறைய அதே வாரம். இந்த மாதங்களில் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு நாள் இடைவெளிகூடப் போதாது என்றே சொல்வேன், இரண்டு நாள் கொடுங்கள். கோவையிலிருந்து நேரடி விமானங்கள் குறைவு. ஒன்று ரத்தானால் அன்றைக்கே மாற்று கிடைப்பது கஷ்டம்.

அடுத்த துறைமுகத்துக்குப் போய் ஏறிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கப்பல் நிறுவனம் அனுமதித்தால் மட்டும்தான் முடியும். அந்த நாட்டுக்குள் நுழைய ஆவணம் வேண்டும், செலவு முழுக்க நம்முடையது. மூன்று இரவுப் பயணத்தில் அதற்கு நேரமும் இருக்காது.

விசா விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் இறங்கி, கப்பலேறி மலேசியா போய், மறுபடி சிங்கப்பூருக்குள் வருவது இரண்டாவது நுழைவு. ஒரே முறை நுழையும் விசா என்றால் திரும்பி வரும் நாளில் சிக்கல். விசா கைக்கு வந்ததும் அதில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று வாடிக்கையாளருக்கு முன்னால் வைத்துப் படித்துக் காட்டுங்கள். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா விலக்கு கொடுத்தது. ஆனால் இந்த மாதிரிச் சலுகைகளுக்குக் கெடு உண்டு, பயணத் தேதிக்கு அது செல்லுபடியாகிறதா என்று பார்த்துச் சொல்வது உங்கள் வேலை. சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய வருகை அட்டையை அந்நாட்டு அரசின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே நிரப்பலாம். அதற்குத் தனியாகக் கட்டணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருப்பதையும் எச்சரியுங்கள்.

அப்புறம், துறைமுகம் தவறுவது. காற்று, அலை, துறைமுக நெரிசல், அனுமதிச் சிக்கல் என்று எந்தக் காரணத்துக்காகவும் கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகலாம். இது ஒப்பந்தத்தில் எழுதியே இருக்கிறது. திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும்தான். தூர தேசத்துக் கதை இல்லை. 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்துச் சென்னையிலிருந்து கப்பல் சுற்றுலா தொடங்கியதே, அந்தக் கப்பலுக்குப் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. "மலேசியா கண்டிப்பாகப் பார்க்கலாம்" என்று விளம்பரத்தில் போடாதீர்கள். பார்க்க முடியாமலும் போகலாம் என்று தெரிந்து வாங்குகிறவர் கப்பலில் இருந்தபடியே சந்தோஷமாக இருப்பார். தெரியாமல் வாங்குகிறவர் சண்டை போடுவார்.

கரையிறங்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கப்பல் கோலாலம்பூருக்கான துறைமுகமான போர்ட் கிள்ளானில் நிற்கிறது என்றதும் நம்மவர் மனசு நேராக பத்துமலை முருகனிடம் போய்விடும். மலேசியா வரை வந்து முருகனைப் பார்க்காமல் திரும்புவதா? நியாயமான ஆசை. ஆனால் கப்பல் நிற்கும் டெர்மினல் ஊருக்குள் இல்லை. அது பூலாவ் இண்டா என்ற தீவில், கொள்கலன் துறைமுகத்தை அடுத்து இருக்கிறது. அங்கிருந்து பத்துமலைக்குச் சாலையில் போக நெரிசல் இல்லாவிட்டாலே ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் 272 படிகள். வயசானவர்கள் நின்று நின்றுதான் ஏறுவார்கள். கீழே இறங்கி வாழையிலைச் சாப்பாடு, அப்படியே இரட்டைக் கோபுரத்தையும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கோலாலம்பூரின் மாலை நெரிசலில் மாட்டினால் கதை முடிந்தது.

கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் பஸ் தாமதமானால் பொதுவாக அந்தக் கூட்டத்துக்காகக் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டு சேர்ப்பார்கள். கிராப் ஆப்பில் நாமாகப் பிடித்த வாடகைக் காருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. விலை வித்தியாசம் எதற்கு என்பதை இப்படி விளக்கினால் யாருக்கும் புரியும். மலேசியாவின் இன்னொரு துறைமுகமான பினாங்கில் இந்தப் பயம் குறைவு. அங்கே கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே அணைகிறது, ராணி வீதி மாரியம்மன் கோவிலுக்கு நடந்தே போய் வந்துவிடலாம். முதல்முறை போகிற முதியவர்களுக்குப் பினாங்கு போகும் பயணத்தைச் சிபாரிசு செய்யுங்கள்.

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகும் கப்பலில் வேறு சிக்கல். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும்போது, ஐந்து மணிக்குள் திரும்புங்கள் என்றால் கரையில் நான்கு மணி. கைப்பேசியோ கரையில் சிக்னல் கிடைத்ததும் தானே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். புக்கெட்டின் பட்டோங் கடற்கரையில் பெரிய கப்பல்கள் கரையில் அணைவதில்லை, கடலில் நங்கூரம் போட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை தூக்கினால் அந்தப் படகே ஓடாது. மூட்டு வலிக்காரருக்கு ஆடும் படகில் காலெடுத்து வைப்பதும் சிரமம்.

2024 மார்ச்சில் நார்வீஜியன் டான் என்ற கப்பல் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுப் போனது செய்தியானது. தனியார் சுற்றுலாவுக்குப் போனவர்கள் நேரத்துக்குத் திரும்பவில்லை. கடலோரக் காவல்படை அவர்களைப் படகில் கப்பல் வரைக்கும் கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. நாடு நாடாகத் தாண்டி, கடைசியில் செனகலில் கப்பலைப் பிடித்தார்கள். நம் ஊர் ஓய்வூதியக்காரர்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்: கையில் வங்கி அட்டை இல்லை, பாஷை தெரியாது, சர்க்கரை மாத்திரை கேபினில்.

மாத்திரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டெர்மினலில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும், சில நாளில் இரவாகிவிடும். இன்சுலின், பிரஷர் மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட் எல்லாம் தோள் பையில் இருக்க வேண்டும். அதைப் போலவே இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எலக்ட்ரிக் குக்கர் எடுத்துவந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டில் கட்டிய புளியோதரைக்கும் பெரும்பாலும் அனுமதி கிடையாது. சைவச் சாப்பாடு வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் கப்பலிலேயே கிடைக்கும். கர்ப்பிணிகள் விஷயத்தில் அதிகக் கவனம் வேண்டும். பயணம் முடிவதற்குள் 24 வாரத்தை எட்டுகிறவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கும் அப்படித்தான். இதைக் கேட்காமல் டிக்கெட் போடும் ஏஜென்ட்டுகள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்சூரன்ஸை "விசாவுக்காக ஒரு பேப்பர்" என்று விற்காதீர்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் இலவசம் இல்லை. நரம்பில் ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றினாலும் பில் அறைக் கணக்கில் ஏறிவிடும். கடலிலிருந்து ஆளைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால் அந்தச் செலவு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும். சாதாரண வெளிநாட்டுப் பயண பாலிசி எல்லாவற்றிலும் கப்பல் பயணத்துக்கான பகுதி இருக்காது. கப்பலைத் தவறவிட்டால், துறைமுகம் தவறினால், நோயால் கேபினுக்குள்ளேயே அடைபட்டால் என்ன தருவார்கள் என்று பார்த்து வாங்கித் தர வேண்டும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோயை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று "இல்லை" போட்டுக் கொடுத்தால், தேவைப்படும் நேரத்தில் பாலிசி உதவாது.

கப்பலில் ஏறியதும் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையை "சும்மா ஃபார்மாலிட்டி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றி, 2015 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

பணத்தைப் பற்றி. விளம்பர விலையில் துறைமுகக் கட்டணம், தினசரி சேவைக் கட்டணம், வரி சேர்ந்திருக்கிறதா என்று அந்தத் தாளில் தெளிவாகப் போடுங்கள். ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் போடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கப்பல் நிறுவனம் தந்த பதிவு எண்ணைக் கொடுங்கள். உங்கள் ரசீது பணம் வாங்கியதற்கு மட்டுமே சாட்சி, கேபின் பிடித்ததற்கு இல்லை. வாடிக்கையாளரே கப்பல் நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தன் பெயரைப் பார்க்க வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்கிற உங்களில் பலருக்கு இதில் தயக்கமே இருக்காது. எண்ணைத் தர இழுத்தடிக்கிறவர்களால்தான் மொத்தத் தொழிலுக்கும் கெட்ட பெயர்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் எது என்பதற்கும் அந்தச் சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. முன்கூட்டியே தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் முகவருக்கு நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் அதுவே பாதுகாப்பு.

உங்கள் ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி இந்தத் தாளுக்கு ஒரு மாதிரியைத் தயாரியுங்கள், அடுத்த டிசம்பர் லீவுக்கான புக்கிங் தொடங்குவதற்குள். எந்த வரி புரியவில்லை, எங்கே எழுத்து பொடியாக இருக்கிறது என்று படித்துப் பார்த்துச் சொல்ல எங்கள் குடியிருப்பிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்